படம் நிற்காமல் ஓட ஒரு லைன்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். செமோரில் ஒரு வாரமாக மழை இல்லை. கிடங்கு வேலைக்கு லீவு சொல்லியாயிற்று. வாங்க வேண்டியவை: கஞ்சிக்கு நொய்யரிசி, சரோவுக்கு வலி மாத்திரை, டிவிக்கு நெட்.

நேற்று ஆஸ்பத்திரியில் சரோவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னையும் அவள் அண்ணனையும் மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் புற்று. அறுக்க முடியாது. எவ்வளவு காலம் என்று மச்சான் கேட்டார். மாதக் கணக்குதான் என்றார் டாக்டர். வருஷம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

வராந்தாவில் சற்றுத் தள்ளி நின்று மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க மாப்ள. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துரும்." எங்கள் ஆட்களிடம் இதுதான் வழக்கம். என் அப்பா போனபோது எஸ்டேட் முழுக்கத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. சரோவிடம் வயிற்றில் புண் என்று சொல்லிவிட்டு மச்சான் தன் ஊரான ஆயர் தாவாருக்குப் பஸ் ஏறினார். அவருக்கென்ன, போய்விட்டார். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியவன் நான்.

வேறு ஏதாவது வேண்டுமா என்று சரோவிடம் கேட்டேன். "என்னா வேணும்? படம் நிக்காம ஓடணும். அது போதும்லா."

கோலாலம்பூரில் இருக்கும் மகள் கவிதா வாங்கிக் கொடுத்த பெரிய டிவி. நெட் என் போனிலிருந்து. கதாநாயகன் வாயைத் திறப்பான், வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சரோ புகார் சொல்வதில்லை, வட்டத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. மிச்சம் இருப்பதே கொஞ்சம், அதையும் அது தின்கிறது.

மார்ச் 5, புதன்

கவிதா போன். முதலில் அழுகை. பிறகு நெட். "ஃபைபர் போடுங்கப்பா. படம் பாக்க நூறு ஸ்பீட் போதும். பெருசா எடுங்கனு தலையில கட்டுவாங்க, கேக்காதீங்க."

பக்கத்து வீட்டு சாமி அண்ணே வேறு கட்சி. "கேபிள்லாம் எதுக்குலா? சிம் போட்ட மோடம். ஜன்னல்ல வச்சா முடிஞ்சிச்சி." தன்னுடையதையே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். பகலில் ஒரு முழுப் படம் ஓடிற்று. சரோ எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் வேலை விட்டு வந்தார்கள், படம் நின்றது. ஒரே டவரை எத்தனை வீடு இழுக்கும்? அப்புறம் மழை. சுத்தம்.

மோடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல மனுஷன், அவருக்கே சங்கடம். முடிவு: ஃபைபர். 100.

சரோ இரவு ஒன்றும் சாப்பிடவில்லை.

மார்ச் 8, சனி

ஈப்போ. பேரங்காடியில் நெட் கம்பெனி கவுண்டர். நம் தமிழ்ப் பெண்தான், மரியாதையாகப் பேசினாள். அடையாளத்துக்கு ஐசி கார்டைக் கேட்டாள், கொடுத்தேன். தட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்கிள், இந்த எடத்துல லைன் இல்லலா."

"எப்படி இல்லாம போகும்? பக்கத்து தெருவுல போட்டுருக்காங்க."

திரையை என் பக்கம் திருப்பினாள். ஐசியில் உள்ள முகவரி. எஸ்டேட் பெயர், தொழிலாளர் லயத்து வீட்டு நம்பர். அந்த லயத்தை இடித்து எத்தனையோ வருஷம். ரப்பர் போய் செம்பனை வந்து, அதுவும் போய் இப்போது அங்கே ஒரு தொழிற்சாலை. தாமான் வீட்டுக்கு வந்த பிறகு முகவரியை மாற்ற நான் மெனக்கெட்டதே இல்லை. நான் மட்டுமா, எங்கள் தெருவில் பாதிப் பேர் ஐசியில் இன்னும் எஸ்டேட்டில்தான் குடியிருக்கிறோம். இல்லாத வீட்டுக்கு நெட் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டு கரண்ட் பில்லைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்றாள். போன் நம்பர் போட்ட அட்டை ஒன்று கொடுத்தாள்.

ஒரு நாள் வீண். மற்ற சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சரோதான் சிரித்தாள். "எத்தன வாட்டி சொன்னேன், ஐசிய மாத்துங்க, ஐசிய மாத்துங்கனு? கேட்டாதானே!" சிரிப்பு பாதியில் வலியாகிவிட்டது. முதுகைத் தேய்த்துவிட்டேன். எலும்பு கையில் தட்டுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஜெலாப்பாங் கிடங்கில் அரை நாள் லீவு. ஃபோர்க்லிஃப்டைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஈப்போ. கரண்ட் பில் சரோ பெயரில் இருக்கிறது, பரவாயில்லையாம். எங்கள் தெருவில் லைன் உண்டு. அப்பாடா என்றிருந்தது.

பிறகு அந்தக் கேள்வி. "ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் போட்டா மோடம், மாட்டுற கூலி எல்லாம் ஃப்ரீ அங்கிள். நடுவுல நிறுத்துனா பெனால்டி. கான்ட்ராக்ட் இல்லாமயும் இருக்கு, மாட்டுறதுக்கு நீங்க கட்டணும். எது போடட்டும்?"

கான்ட்ராக்ட் இல்லாமல் எடுத்தால் சரோ ஏன் என்று கேட்பாள். இலவசமாகக் கிடைப்பதை விடுகிற ஆள் இல்லை அவள். அவளிடம் என்ன சொல்வேன்? சரி, ரெண்டு வருஷமே போடலாம் என்று பேனாவை எடுத்தேன். கை எழுதவில்லை. ரெண்டு வருஷம். அந்த வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து யாருக்குப் படம் போட? கவுண்டர் முன்னால் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் டிஷ்யூவை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வரும் வழியில் பாசார் ரமடான் நோன்புச் சந்தையில் சரோவுக்குப் பிடித்த புபோர் கஞ்சி வாங்கினேன், பாதியாவது குடிக்கட்டும் என்று.

"என்னா ஆச்சு?"

"மோடம் ஸ்டாக் இல்லையாம்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். புபோரை நாலு கரண்டி குடித்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

மேகமூட்டம். வேலை விட்டு வந்தபோது சரோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கவுண்டர் அட்டை.

"நெட்டு சொல்லிட்டேன். சனிக்கெழம ஆளு வருது. நோன்பு தொறக்குறதுக்குள்ள மாட்டிட்டுப் போயிருவாங்களாம், வீட்ல இருங்க."

எது எடுத்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம். எம்பேர்ல."

"உம்பேர்ல எதுக்கு?"

"ஆளு செத்துட்டா கான்ட்ராக்ட் முடிஞ்சிருமாம். சர்ட்டிபிகேட்ட காட்டுனா போதுமாம், பெனால்டி இல்லையாம். அந்தப் புள்ளகிட்ட நல்லா கேட்டுகிட்டேன்." பருப்பு விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். "அப்புறம் உங்களுக்கு வேணும்னா வச்சிக்குங்க, வேணாம்னா வெட்டிருங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கு வராந்தாவில் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தபோதே தெரியுமாம். வீட்டுக்கு வந்ததும் நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததும் கேட்டதாம். இத்தனை நாளும் எனக்காக அவள் நடித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள் மடியில் தலை வைத்து அழுதேன், அட்டை கசங்கிவிட்டது. தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அது தாங்காது."

மச்சான் எட்டு மணிக்குக் கூப்பிட்டார். சரோதான் பேசினாள். வயிறு தேவலையாம், நெட் வருகிறதாம், அடுத்த வாரம் வந்தால் சேர்ந்து படம் பார்க்கலாமாம். பிறகு போனை என்னிடம் கொடுத்தாள். மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுல மாப்ள?"

சரோ பக்கத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது மச்சான் என்றேன்.