பத்தொன்பது என்றால் வெள்ளை

ஐப்பசி 3, திங்கள்

காவலூரில் காலையிலிருந்து தூறல். ஷெட்டில் என் பழைய பிரிட்டிஷ் கார், ஸ்பிட்ஃபயர், தார்ப்பாய்க்கு அடியில். வாங்க வேண்டியது: உப்புத்தாள், தின்னர், வேட்டிக்குச் சொட்டு நீலம். (நீலம் மறுபடியுமா? போன வாரம்தானே வாங்கினேன். வீட்டுக்காரி பத்மா குடிக்கிறாளா என்ன.)

காரின் கம்பெனித் தகட்டைத் துடைத்துப் படித்தேன். பெயின்ட் எண் 19. பிரிட்டிஷ்காரன் கணக்கு எளிது. கடைசி இலக்கம் 2 என்றால் சிவப்பு வகை, 5 பச்சை, 9 வெள்ளை. ஆனால் டிக்கி கம்பளத்துக்கு அடியில் இருக்கும் கம்பெனி பெயின்ட் சந்தன நிறம். யாரோ தகட்டை மாற்றியிருக்கிறார்கள்.

வேட்டி இன்றும் பழுப்பு. பத்மாவிடம் எத்தனை முறைதான் சொல்வது.

ஐப்பசி 5, புதன்

திருப்பத்தூரிலிருந்து பெயின்டர் பாஷா பாய். தகட்டில் உள்ளதையே அடிக்கலாம் என்றார். நான் கேட்கவில்லை. சந்தனம் கலக்கச் சொன்னேன். பழைய பெயின்டுக்குப் பக்கத்தில் ஒரு தீற்று. ஒட்டவே இல்லை, ஒரே மஞ்சள். கத்தினேன். அவர் வேறு டப்பாவைத் திறந்து இன்னொரு தீற்று. இப்போது எது பழசு, எது புதுசு என்றே தெரியவில்லை.

"இது இன்னா கலரு பாய்?"

"பத்தொம்போதுதான் சார். சுத்த வெள்ள."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

டீ கொண்டுவந்த பத்மா மெதுவாகச் சொன்னாள். "சொன்னா கோவம் வரும்னு இருந்தேன். கண்ணுல பொரை வந்துருக்குங்க. போய்க் காட்டிக்கலாம்."

இங்குள்ள வான் ஆய்வகத்தில் வேலையில் இருந்தவரை தொலைநோக்கியின் ஆடியைத் துடைத்தவன். கண்ணில் கத்தி என்றால் பயம். கண் போய்விட்டால் இந்த மலை ரோட்டில் காரை எப்படி ஓட்டுவது? இந்தக் கண்ணோடு ஓட்டினால் மட்டும்?

போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 12, புதன்

வெயில். நேற்று வலது கண் ஆபரேஷன். வலியே இல்லை. இதற்கா இவ்வளவு நடுங்கினேன். காலையில் கட்டுப் பிரித்தார்கள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஷெட். கண்ணாடியைக் கழற்றினேன். இடது கண்ணை மூடினால் டிக்கி வெள்ளை. வலதை மூடினால் சந்தனம். பாஷா பாய்க்குப் போன்: பத்தொன்பதையே அடியுங்கள்.

வெளியே கொடியில் என் வேட்டிகள். வலது கண்ணால் பார்த்தேன். பழுப்பு இல்லை. வெள்ளையும் இல்லை. நீலம். எல்லாமே. இதைக் கட்டிக்கொண்டுதான் இத்தனை நாள் கடைத்தெரு, கல்யாணம் எல்லாம்.

பத்மாவைக் கேட்டேன்.

"பழுப்பு பழுப்புன்னீங்க. நானும் ஊத்திக்கினே இருந்தேன்."

இருப்பதிலேயே நீலமான வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.