ஒரு துளி நீருக்குச் சாட்சி

ஹார்லெம், 4 மார்ச் 1702

அன்புத் தம்பி ரெய்னியருக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. நீ கப்பல் மருத்துவனாகக் கடல் கடந்து பத்தாவியா போய் ஆறு வருடத்தில் மூன்றே கடிதம். காய்ச்சல் விட்டதா என்றுகூட எழுதவில்லை.

அப்பாவுக்கு இந்தப் பனிக்காலத்தோடு இரண்டு கண்ணும் போய்விட்டன. துணி வெளுக்கும் தொழிலை ஆட்கள் பார்க்கிறார்கள். அவர் தான் தேய்த்த உருப்பெருக்கிக் கண்ணாடி வில்லைகளை விரலால் தடவியபடி உட்கார்ந்திருக்கிறார்.

வாய்க்கால் நீரில் அந்த வில்லை வழியே அவர் கண்டு எழுதிய குட்டிப் பிராணிகளை அறிஞர் சபை நம்பவில்லை. நேரில் வந்த இரண்டு கனவான்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, பழகாத கண். பார்த்தவன் ஒருவன் சத்தியம் செய்து கையெழுத்திட்டால் அச்சிடுகிறார்களாம். பதினெட்டு வருடமாக நான் பார்க்கிறேன், படமெல்லாம் நான் வரைந்தவை. ஆனால் பெண்ணின் சாட்சி செல்லாதாம். நீ பன்னிரண்டு வயதில் பார்த்தாயே, இரண்டு வரி எழுது. "ரெய்னியர் எழுதுவான்"னு தினமும் சொல்கிறார்.

உன் அக்கா,
மாக்டெல்ட்


பத்தாவியா, 27 நவம்பர் 1702

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் எட்டு மாதம் கழித்துக் கைக்கு வந்தது. காய்ச்சல் வருகிறது, போகிறது.

நீ கேட்டதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அக்கா, நான் எதையும் பார்க்கவில்லை. அன்று வில்லை பதித்த அந்தப் பித்தளைத் தகட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தபோது என் இமை முடிதான் தெரிந்தது. "தெரியுதாடா? வாலை ஆட்டுதா?" என்று அப்பா கேட்டார். அம்மாவைப் புதைத்த பிறகு அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான். "ஆட்டுதுப்பா" என்றேன்.

சிறுவனாகச் சொன்ன பொய்யைக் கடவுள்மேல் ஆணையிட்டு எழுத என்னால் ஆகவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வாயோ, தெரியவில்லை.

மன்னிப்பாய் என்ற நம்பிக்கையில்,
ரெய்னியர்


ஹார்லெம், 2 செப்டம்பர் 1703

ரெய்னியருக்கு,

ஜூலையில் உன் கடிதம் வந்தபோது அப்பா படுத்த படுக்கையாகியிருந்தார். மாற்றிப் படித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். என் குரல் நின்ற இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவன் பாக்கலதானே? எனக்கு அன்னிக்கே தெரியும். பாத்திருந்தா இன்னொரு தரம் காட்டுன்னு கேட்டிருப்பான். நீதான் என் கையிலேர்ந்து புடுங்கின."

தெரிந்துமா அவனை எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற யாரு இருக்கா, சொல்லு" என்றார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார். சபைக்கு என் பெயரிலேயே எழுதிப் பார்த்தேன். உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்று வாய்க்கால் பாசியில் புதிதாக ஒன்று கண்டேன். கவிழ்த்த மணி போன்ற உடல், நூல் போன்ற காம்பு. சட்டென்று சுருங்குகிறது, மெல்ல விரிகிறது. அப்பா இதைப் பார்த்ததே இல்லை. அவரைக் கூப்பிடத் திரும்பினேன்; கட்டிலில் நான் மடித்து வைத்த போர்வைதான் இருந்தது.

அதை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். காட்ட எனக்கு வேறு ஆள் இல்லை. உன்மேல் கோபமும் இல்லை. நீ நம்பவேண்டும் என்றுகூட இல்லை. என் மனம் குளிரட்டும் என்பதற்காக "நம்புகிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதே.

மாக்டெல்ட்