சொல்லாமல் எழுந்து போகிறவர்கள்

ஜூலை 5, சனி
பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காக நான் நடத்தும் குழு இன்று தொடங்கியது. சர்ச் ஹாலுக்குப் பின்னால் உள்ள அறை. ஐந்து பேர், எட்டு வாரம். "நீங்க சொல்லுங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" – ஒன்றரை மணி நேரம் இதிலேயே போனது. எந்தக் குழுவுக்கும் முதல் கட்டம் இப்படித்தான் இருக்கும் என்று ஆலோசகர் பயிற்சியில் படித்திருக்கிறேன். இரண்டாவது கட்டம் சண்டையாம். இவர்களாவது, சண்டையாவது!

ஜூலை 12
முடிந்ததும் ஒருவர்கூடச் சொல்லிக்கொண்டு போகவில்லை. எழுந்தார்கள், செருப்பை மாட்டினார்கள், போய்விட்டார்கள். போன வாரமும் அப்படியே. பதிவேட்டில் "குழுவில் ஒட்டவில்லை" என்று எழுதினேன்.

ஜூலை 19
வடை வாங்கி வைத்தேன். யாரும் தொடவில்லை. எரிச்சல்தான்.

ஜூலை 26
சண்டை வந்துவிட்டது. பைக் விபத்தில் மகனை இழந்த அப்புசாமி, பொள்ளாச்சிக்காரர், வழக்கம்போல "நல்லாருக்கேனுங்க" என்றார். டெங்குவில் மகளை இழந்த பூவாத்தாள் வெடித்துவிட்டார்.

"ஏனுங்க, நாலு வாரமா இதையே சொல்றீங்களே, பெத்தவங்களுக்கு எப்படிங்க வாய் வருது?"

கோபத்திலும் 'ங்க' போகவில்லை. அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். "அடுத்த வாரம் வந்துருங்க" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பூவாத்தாள் என்னிடம் சொன்னார்: "எழவூட்டுல இருந்து போறவங்கள வாங்கன்னு சொல்லுவாங்களா அம்மணி? சொல்லாமத்தான போகோணும்."

நாலு வாரமாக இந்த அறை அவர்களுக்கு எழவு வீடு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு உறைக்கவே இல்லையே! வடை வேற வாங்கி வெச்சிருக்கேன், மடச்சி. பதிவேட்டில் எழுதியதை அடித்தேன்.

ஆகஸ்ட் 2
அப்புசாமி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. சண்டைக்குப் பிறகு குழு தேறும் என்கிறது பாடம். போனவர் வராமலே இருந்துவிட்டால்? அதற்கு ஒரு வரி இல்லை. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9
வந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"வண்டி வேண்டாம்னு அவங்கம்மா சொன்னா. நான்தானுங்க வாங்கிக் குடுத்தேன். நல்லாருக்கேன்னு சொல்லாட்டி நான் எப்படீங்க நடமாடறது?"

பூவாத்தாள் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார். "ரெண்டு நாளு காய்ச்சலுக்குக் கசாயமே குடுத்துட்டிருந்தேனுங்க, நானு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

ஆகஸ்ட் 16
இன்றும் அவர்களே பேசிக்கொண்டார்கள். எனக்கு வேலை இல்லை.

ஆகஸ்ட் 23
கடைசி நாள். விடைபெறும் கட்டத்துக்காக எழுதி வைத்திருந்த பேச்சு பைக்குள்ளேயே கிடந்தது. டீ வந்தது, குடித்தார்கள். பிறகு எழுந்தார்கள். செருப்பை மாட்டிய அப்புசாமி வாசலில் நின்று திரும்பினார்.

"போயிட்டு வாரேனுங்க."

பூவாத்தாள்தான் முதலில் சொன்னார்: "வாங்க."

அடுத்த சனிக்கிழமை குழு கிடையாது, அறை பூட்டியிருக்கும். தெரிந்தேதான் நானும் சொன்னேன், வாங்க என்று.