எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே மாமாவும் பாப்பாவும் நீயும் நலமா என்று கேட்க வேண்டும். நீ என்ன பதில் சொல்வாய் என்று தெரிந்தே கேட்பது எரிச்சலாக இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆசிரியர்களின் பணித் திருப்தி பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வித்தாள்கள் நிரப்பப்பட்டு வந்து சேர்ந்துவிட்டன. உங்கள் நிர்வாகம் நடத்தும் பள்ளிகளின் எல்லாக் கிளைகளிலிருந்தும், கட்டுக் கட்டாக. "என் உழைப்பு மதிக்கப்படுகிறது" என்பதற்கு எல்லோரும் ஐந்துக்கு ஐந்து. "மனதில் பட்டதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு", அதற்கும் ஐந்து. படிக்காமல் டிக் போடுகிறவர்களைப் பிடிக்க நடுவில் ஒரு தலைகீழ்க் கேள்வி வைத்திருந்தேன்: "வேலையை விட்டுவிடலாமா என்று அடிக்கடி நினைக்கிறேன்." அதற்கு மட்டும் அத்தனை பேரும் சரியாக ஒன்று போட்டிருக்கிறார்கள். நான் வைத்த பொறியை எனக்கு முன்னால் யாரோ திறந்து, பூசி மெழுகி வைத்துவிட்டார்கள்.

யார் என்று நீதான் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். பள்ளி விட்டதும் மீட்டிங் போட்டு, தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் நிரப்பி அனுப்பிய மாதிரித் தாளை எல்லோருக்கும் முன்னால் ஒட்டி, "நம்ம பிசிக்ஸ் மேடத்தோட தம்பிதான் ஆராய்ச்சி பண்றாரு, பார்த்து நல்லா போட்டுக் குடுங்க" என்று உங்கள் பிரின்சிபால் வரிசை வரிசையாக நடந்தாராமே. வகுப்பறைகளிலிருந்து ஆசிரியர்களின் நாற்காலியை எடுத்துப்போன அதே அம்மாள். நாள் முழுக்க நின்று பாடம் நடத்தி, வீங்கின காலோடு நீயும் ஐந்து போட்டாய். அதில் என்ன சிரிப்பு?

தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு கிளையாக அலையச் சோம்பல்பட்டுத் தாள்களைத் தலைமை அலுவலகத்தில் கொடுத்தேன். ஆனால் என் கைடுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவ்ளோ சுத்தமான டேட்டாவ நான் பார்த்ததே இல்லப்பா. சீக்கிரம் எழுதி முடி" என்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சின்னத் திருத்தம்'. ஒரு சின்னத் திருத்தம் என்று அவர் சொன்னால் ஆறு மாதம் போச்சு என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் இந்த டேட்டாவில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. உங்கள் நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் அவரும் இருக்கிறார். "ஆராய்ச்சி சொல்கிறது: எங்கள் ஆசிரியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று விளம்பரமே தயாராகிறதாம்.

நான் இதை விடப்போவதில்லை. உங்கள் ஊருக்கே வந்து, பள்ளிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் ஆசிரியர்களிடம் பேசப்போகிறேன். முதல் தாள்கள் எப்படி நிரப்பப்பட்டன என்பதையும் ஆய்வேட்டில் எழுதுவேன். நீ ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவர்களும் பேசுவார்கள். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தம்பி


அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமா படித்துவிட்டு, "உன் தம்பி கேள்வி கேட்கிறானா, கேஸ் போடுகிறானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போதுமா?

பஸ் ஸ்டாப்புக்கு வராதே. "பிசிக்ஸ் மேடத்தோட தம்பி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. யார் என்ன பேசினாலும், நீ எதை எழுதினாலும், அது என் வாயிலிருந்து வந்ததாகத்தான் கணக்கு. பாப்பாவும் இதே பள்ளியில்தான் படிக்கிறாள். என்னை அனுப்பினால் அவளையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். நீ டாக்டர் பட்டம் வாங்க நான் வீராங்கனை ஆக வேண்டுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். போன வருஷம் உங்கள் பல்கலைக்கழகத்தின் தரத்தைச் சோதிக்க ஒரு குழு வந்ததே, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்களே, நீ என்ன சொன்னாய்? உன் கைடின் பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறாய். அவர் திருத்த வேண்டிய விடைத்தாளை நீ திருத்துகிறாய். உன் கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. "அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தாருக்கா, குறையே இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்று என்னிடம்தானே சொன்னாய்? நான் அன்றைக்கு உன்னைக் கேள்வி கேட்டேனா? நீ சொன்னதும் நான் டிக் போட்டதும் ஒன்றுதான்டா.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்குப் போன் செய். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அக்கா


அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். மூன்றாம் நாளும் இருந்தேன், ஆனால் உன்மேல் இல்லை.

நேற்று சின்னத் திருத்தத்தின் அறைக்குப் போனேன். எங்களுக்கு அங்கே உட்காரும் வழக்கம் இல்லை. நின்றுகொண்டே, இந்தத் தாள்களை என் ஆய்வில் பயன்படுத்தமாட்டேன் என்றேன். காதில் விழாதது போல மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். "பைத்தியமா உனக்கு? நல்லா வந்த டேட்டாவ எவனாவது தூக்கிப் போடுவானா?" என்றார். தாள்கள் தலைமை அலுவலகம் வழியாகப் போனதால் பதில்களை நம்ப முடியாது, சேகரித்த முறையில் நான் செய்த பிழை என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். மீட்டிங்கும் இல்லை, மாதிரித் தாளும் இல்லை, எந்தக் கிளையின் பெயரும் இல்லை. உன் பக்கம் யாரும் விரல் நீட்ட முடியாது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, உன் இஷ்டம். அரையாண்டு அறிக்கையில நான் கையெழுத்துப் போடல. வேற கைடு கெடைச்சா போய்க்கோ" என்றார் அமைதியாக. அவர் விட்ட மாணவனை எடுத்துக்கொள்ள இந்தத் துறையில் யாருக்கும் தைரியம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். வெளியே வந்ததும் என் ஜூனியர் ரகசியமாகக் கேட்டான்: "அண்ணே, அந்த டேட்டா உங்களுக்கு வேணாம்னா நான் எடுத்துக்கட்டுமா?" சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை.

ஆக, நான் வாயைத் திறந்தும் ஒன்றும் ஆகவில்லை. விளம்பரம் எப்படியும் வரும், அதன் கீழே வேறு ஒருவன் பெயர் இருக்கும். உண்மையையும் நான் முழுதாகச் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னேன். மற்ற பாதி உன்னுடையது. அதை எடுத்து எழுத எனக்கு உரிமை இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. நாலு வருஷம் ஆசிரியர்களைப் பற்றிப் படித்தவனுக்கு!

பக்கத்து நகரத்துக் கல்லூரியில் ஓய்வுபெறப்போகும் பேராசிரியை ஒருவர் இருக்கிறார். அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன். அவரும் கைவிரித்தால் படிப்பு அத்தோடு சரி. அம்மாவிடம் நீ எதுவும் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டு, நாளைக்குப் பாப்பாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்த விடுமுறைக்கு நீ இங்கே வர வேண்டும். தனியாக வா. என் அறையில் ஒரு கட்டிலும் நிறையக் காகிதமும்தான் இருக்கிறது. காகிதத்தைத் தள்ளிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள். அழுதாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி. நான் எதையும் குறித்துக்கொள்ள மாட்டேன்.

வந்துவிடு அக்கா.

உன் தம்பி