நூற்றுக்கு ஆறு துடிப்பு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். எப்போதும் பழக்கத்தில் எழுதும் வரி, இந்த முறை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். துடிப்பு தவறித் தவறி அம்மா மயங்கி விழுந்ததும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்ததும் நடந்து இரண்டு மாதமாகிறது. காயம் காய்ந்துவிட்டது, என்னை அதட்டும் குரலும் பழையபடி வந்துவிட்டது. ஆனால் நீ வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடப் போவதாக எழுதியதைப் படித்ததிலிருந்து, எல்லாம் என்னால்தானே என்று அவளுக்கு ஒரு வாய் சோறு சரியாக இறங்கவில்லை.

நான் அடித்த கூத்தைக் கேள். முப்பது வருஷமாகப் பம்பு மோட்டார் பழுது பார்க்கிறவன், ஓடினால் நல்ல மெஷின், ஓடாவிட்டால் பழுது, எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். அம்மா வீட்டுக்கு வந்த அன்றே நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன், ஒரு முனகல்கூட இல்லை, வயசான காலத்தில் இதென்ன என்று தள்ளிவிட்டாள். நேற்று பரிசோதனைக்குப் போன இடத்தில், மெஷின் ஓடவே இல்லை என்று டெக்னீஷியன் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவள், உன் வயசுதான் இருக்கும், பொறுமையாகத் திரையைக் காட்டி, நூறு துடிப்புல தொண்ணூத்தி நாலு அம்மாவோடதுதான் சார், ஆறுக்குத்தான் இது கை குடுத்திருக்கு, மத்த நேரம் சும்மா இல்ல, ஒவ்வொண்ணையும் கேட்டுக்கிட்டே இருக்கு, தானா வந்தா ஒதுங்கிக்கும், வரலைன்னா தட்டிவிடும் என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தண்ணீர் வற்றினாலும் ஓடி ஓடித் தன்னையே எரித்துக்கொள்ளும் பம்புகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன், ஓடாமலிருக்கத் தெரிந்த மெஷினை நேற்றுதான் பார்த்தேன். இதைச் செய்தவர்கள் இதயத்தின் பக்கத்தில் எத்தனை காலம் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார்களோ. நீயும் அங்கே அந்த வேலைதானே பார்க்கிறாய். உடம்பைப் படித்து மெஷின் செய்வதா, நடக்கிற காரியமா என்று நீ அந்தப் படிப்பில் சேர்ந்த அன்றைக்குக் கேலி செய்தவன் நான், இன்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

அதனால் வேலையை விடாதே கண்ணு. தொண்ணூற்று நாலை நாங்களே பார்த்துக்கொள்வோம். நீ அங்கிருந்தே கேட்டுக்கொண்டிரு, அந்த ஆறுக்கு வந்தால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு, ராஜினாமாவைக் கிழித்துப் போட்டதும் ஒரு வரி எழுது. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இவ்வளவையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, ஆறு கம்மி, பத்துன்னு போடுங்க என்கிறாள்.

உன் அப்பா