துடைத்த கண்ணாடி

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. ஆறாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் உன் அக்காவைத் திட்டு. போர் விமானம் ஓட்டுகிறவனை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து, போனையும் பிடுங்கிக்கொண்டார்களாமே? வானத்தில் என்னவோ பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்ததற்கா இவ்வளவு? அது உன்னை முறைத்ததா, கண்ணடித்ததா? கேட்டால் உன் அக்கா சிரிக்க மாட்டேன் என்கிறாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து தரையைத் தேய்க்கிறாள். உன் விமானத்துக் கண்ணாடியைத் துடைப்பவன் என்பதால் அடுத்த வாரம் எனக்கும் விசாரணை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தான்

மார்ச் 7

அன்புள்ள அத்தானுக்கு,

கேலி பேச நீங்களாவது இருக்கிறீர்கள். சாம்பல் நிற உருண்டை. இறக்கை இல்லை, புகை இல்லை. நான்கு நிமிடம் கூடவே வந்தது. நான் திரும்பினால் அதுவும் திரும்பியது. பதினோரு தடவை சொல்லிவிட்டேன். டாக்டர், தூக்கம் எப்படி என்று கேட்கிறார். கண்ணாடியில் கறை என்று முடிக்கப் பார்க்கிறார்கள். அன்று துடைத்தது நீங்கள். சுத்தமாக இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு வேறு சாட்சி இல்லை.

உங்கள் மைத்துனன்

மார்ச் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாயைத் திற, சர்க்கரை போடுகிறேன். திங்கட்கிழமை முதல் நீ பறக்கலாம்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். சுத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி சொன்னார்: "கண்ணாடி சுத்தம்னா, கோளாறு அவர் தலையிலன்னுதான் எழுதணும். அப்புறம் ஜென்மத்துக்கும் விமானம் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க எனக்கு மூளையா இருக்கிறது? என் கட்டைவிரல் எண்ணெய்க் கறையைத் துடைக்காமல் விட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது லாரி கழுவுகிறேன். லாரிகள் சமத்து, மேலே எதையும் பார்ப்பதில்லை. உன் அக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீயாவது எழுது.

உன் அத்தான்

மார்ச் 29

அத்தான்,

வேறு தளத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பறக்கிறேன். நேற்று அது மறுபடியும் வந்தது, இன்னும் பக்கத்தில். இறங்கியதும், எல்லாம் சரிதானே என்று கேட்டார்கள். சரி என்றேன். இதைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் கிடையாது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

லீவுக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத்தான் பொய் சொல்ல வருமே.