வால் தைத்த யானை

அக்கா,

இன்று காலை துணி காயப்போடும்போது மித்ராவின் மஞ்சள் பனியன் கையில் வந்தது. நேற்று உங்கள் மகள் என் வீட்டிலேயே தூங்கிவிட்டாள். அதனால் அவள் துணியும் எங்கள் துணியோடு சேர்ந்துவிட்டது. பனியனின் நெஞ்சில் இருக்கும் யானைக்கு வால் நுனியில் நூல் அவிழ்ந்து தொங்கியது. கொடிக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நேற்றைய அலுப்பு இன்னும் கால்களை விட்டுப் போகவில்லை.

அந்த வாலை நீங்கள் தைத்த கதை நினைவிருக்கிறதா? பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்பீர்கள். பிசிறு நூல் வெட்டும் டிரிம்மர் உறுத்தாமலிருக்க ஆள்காட்டி விரலில் துணி டேப் சுற்றியிருக்கும். குழந்தைகள் பனியன் லாட் ஒன்று வந்தது. நான் தையலை மட்டும் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "ஏங்கண்ணு, இந்த யானைக்கு வாலு எங்க போச்சு?" என்றீர்கள். பிரிண்டிங்கில் விட்டுப்போயிருந்தது. லாட் முழுக்க மொட்டை யானை. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏற்றுமதிக்குப் போகவேண்டிய சரக்கு அத்தனையும் பழுதானதை மலிவாக விற்கும் செகண்ட்ஸ் கடைகளுக்குப் போனது.

அதிலிருந்து நீங்களே இரண்டு வாங்கி வந்தீர்கள், மித்ராவுக்கு ஒன்று, என் மகன் கவினுக்கு ஒன்று. வளரும் பிள்ளைகள் என்று பெரிய சைஸாகப் பார்த்து எடுத்திருந்தீர்கள். மித்ராவின் யானைக்குக் கறுப்பு நூலில் வால் தைத்தீர்கள். கவினுடையதையும் கேட்டபோது, "அவனே வாலுதானுங்க்கா, யானைக்கு வேற எதுக்கு" என்றேன். அன்று டேபிளே சிரித்தது.

"இந்த ஷிப்மெண்ட் போகட்டும் கண்ணு, ரெண்டு பேர்த்தையும் கோயமுத்தூர் அறிவியல் மியூசியம் கூட்டிட்டுப் போயி நட்சத்திரம் காட்டோணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஒரு ஷிப்மெண்ட் போனால் அடுத்தது வந்து நின்றது. பிறகு மஞ்சள் காமாலை வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள். பிள்ளைகள் மட்டும் நட்சத்திரத்தை மறக்கவில்லை.

நேற்று ஞாயிறு. முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்த உடம்பு, படுக்கையை விட்டு எழவே மறுத்தது. ஆனாலும் பிள்ளைகளை மியூசியம் கூட்டிப்போக எழுந்தேன். நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டுக்காரர் மித்ராவை யாரோடும் வெளியே அனுப்பியதில்லை. நேற்று வாசல் வரை வந்து, "கூட்டமா இருக்குமுங்க அம்மிணி. கைய உட்டறாதீங்க" என்றார். அவர் நம்பி அனுப்பியதே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படட்டும் என்று இருவருக்கும் அந்த மஞ்சள் பனியனையே போட்டுவிட்டிருந்தேன்.

எனக்கிருந்த புத்தியைப் பாருங்கள். செகண்ட்ஸ் கடைக்குப் போன சரக்கு எந்தப் பிள்ளைகள் உடம்பில் ஏறியிருக்கும்? திருப்பூர்க்காரர்கள் பாதிப் பேர் நேற்று அங்கேதான் இருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் பனியன், மொட்டை யானை. வளைந்த கண்ணாடி முன்னால் நின்று குட்டையாகிச் சிரித்ததும் அதுதான், கயிற்றில் தொங்கும் ஊசல் குண்டைத் தள்ளிவிட்டதும் அதுதான்.

கோளரங்கத்துக்குள் இருட்டு, குளிர்காற்று, சாய்ந்த நாற்காலி. நட்சத்திரம் வந்ததும் நான் தூங்கிவிட்டேன். காட்சி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் விழித்தேன். இரண்டு பக்கமும் துழாவிக் கைக்குக் கிடைத்த சின்னக் கைகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் பார்த்தால் ஒரு கை கவினுடையது. இன்னொன்று, அதே மஞ்சள் பனியன் போட்ட யாரோ ஒரு பெண் குழந்தையுடையது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

மித்ராவைக் காணோம். அந்தப் பிள்ளையையும் விடாமல், கண்ணில் பட்ட மஞ்சள் பனியனையெல்லாம் பிடித்துத் திருப்பினேன், டேபிளில் பீஸ் பார்ப்பதுபோல. வால் இல்லை, வால் இல்லை. "ஏனுங்க, எம்பட புள்ள துணியப் புடிச்சு என்னங்க பாக்கறீங்க?" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். அடுத்த பனியனுக்கு ஓடினேன். உங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்ற முகம்தான் கண்ணுக்குள் இருந்தது.

வெளி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தோளில் பையும் கையில் ஒரு பிள்ளையுமாகப் பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் முன்னால் நின்றேன். பிள்ளையின் யானைக்குக் கறுப்பு வால் இருந்தது. அவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்த அவருடைய பிள்ளையையும் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கம்பெனி ஞாபகத்துலயே வந்துட்டனுங்க்கா" என்றார். அவரும் செக்கிங்தானாம்.

மித்ரா அழவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. "ஏன் கண்ணு, தெரியாதவங்க கையப் புடிச்சுட்டு சத்தமில்லாமப் போற?" என்று கேட்டேன். "இருட்டுல அம்மா கை மாதிரி இருந்துச்சுங்க அத்தை" என்றாள். அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் டேப் சுற்றியிருந்தது.

வெளிச்சத்துக்கு வந்த பிறகும் மித்ரா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கவில்லை அக்கா.

திரும்பி வரும் பஸ்ஸில் மித்ரா என் மடியில் சாய்ந்திருந்தாள். என் விரலைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நான் டேப் சுற்றுவதில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. ஆனாலும் அவள் என் கையை விடவில்லை. அப்படியே தூங்கிவிட்டாள். இரவு அவளைக் கூட்டிப்போக வந்த அவள் அப்பாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தூங்குகிறவளைக் குனிந்து பார்த்தவர், "தூங்கட்டுமுங்க, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பனியன் காய்ந்ததும் ஊசி நூலை எடுத்து உட்கார்ந்தேன். வாலை முழுசாகப் பிரித்துப் புதிதாகவே தைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு வரவில்லை. அவிழ்ந்த நுனியில் ஒரு முடிச்சு மட்டும் போட்டேன். எழுந்து வந்த மித்ரா அதை வாங்கிப் பார்த்தாள். நீங்கள் பார்ப்பதுபோலவே உள்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நட்சத்திரம் வந்ததுமே நீங்க தூங்கிட்டீங்க. மறுக்காப் போலாமுங்களா?" என்றாள்.

உடம்பு முடியவில்லை அக்கா. இந்த ஷிப்மெண்ட் போகட்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, வர்ற ஞாயித்துக்கெழமை போலாம் கண்ணு என்றேன்.